அகதிகள் நாடு திரும்பினால் இடம் கொடுத்த நாட்டுக்குச் செலவு மிச்சம்தானே?

மிச்சம் உண்டு, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் மீதான நெருக்கடி தணியும், வாடகை இறங்கலாம்.

வரவுப் பக்கத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை. துருக்கியில் 2021 வாக்கில் சுமார் 37 லட்சம் சிரியர்கள் இருந்தார்கள். காஸியான்டெப் நகரின் செருப்புப் பட்டறைகளில் மேல்தோலைத் தைத்துக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் அவர்கள். 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்ததும் லட்சக்கணக்கானோர் திரும்பத் தொடங்கினார்கள். தைக்கிறவர் கிளம்பினால் அவருடைய மெஷின் மட்டுமா நிற்கும்? அடிப்பாகம் ஒட்டுகிற உள்ளூர்க்காரருக்கும் அன்று வேலை குறையும். வீட்டுக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் வருமானம் சுருங்கும்.

அடுத்தது, அகதிகளுக்கு இடம் கொடுப்பதற்காக வெளியிலிருந்து வரும் உதவித்தொகை. 2016இல் சிரியர்களுக்கு வேலை அனுமதி தர ஜோர்டான் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு மானியமும் சலுகைக் கடனும் ஐரோப்பியச் சந்தையில் சலுகையும் கிடைத்தன. அகதிகள் போகப் போக இந்தப் பணமும் தேயும். கடன் மட்டும் இருக்கும்.

எப்படி அனுப்புகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2023 அக்டோபரில் நாட்டை விட்டு வெளியேறப் பாகிஸ்தான் ஒரு மாதக் கெடு விதித்தபோது, ஆப்கானியர்கள் பல வருட உழைப்பைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவகாசத்தோடு, விரும்பிப் போகிறவரோ எல்லைக்கு அப்பால் கடை போட்டாலும் பழைய முதலாளியிடமே சரக்கு எடுக்கலாம்.