ஹார்டியின் நாவல்களில் எது முதலிடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாமஸ் ஹார்டியின் நாவல்களைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் வரிசையில் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ முதலாவது, ‘டெஸ்’ இரண்டாவது, ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்’ மூன்றாவது. எல்லோரும் புகழும் ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ மட்டும் என்னைக் கவரவில்லை. கதை முழுக்கத் தற்செயல்களாலேயே நகர்கிறது. உங்கள் வரிசை என்ன? அடுத்து எதை வாசிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ஒதுக்கிவைத்த நாவலைத்தான் நான் முதலில் வைப்பேன்.

தற்செயல்கள் பற்றிய உங்கள் குறை நியாயமானதே. அந்நாவல் 1886ஆம் ஆண்டு ‘கிராஃபிக்’ வார இதழில் தொடராக வந்தது; ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஒரு சம்பவத்தை நுழைக்கப்போய்க் கதையின் கட்டுக்கோப்பைத் தானே கெடுத்துக்கொண்டதாக ஹார்டியே கருதினார். ஆனால், டெஸ் கதவுக்கு அடியில் செருகிய கடிதம் கம்பளத்துக்குக் கீழே போய்விடுவதும் தற்செயல்தானே? அதை மன்னித்த நீங்கள் இதையும் மன்னிக்கலாம். தற்செயல் நேர்ந்த பிறகு அந்த மனிதன் என்ன செய்கிறான் என்பதைக் கொண்டே நான் ஹார்டியின் நாவல்களை எடைபோடுகிறேன்.

குடிவெறியில் மனைவியையும் கைக்குழந்தையையும் சந்தையில் ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றுவிட்ட ஹென்சார்ட், மறுநாளே 21 ஆண்டுகள் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து, தானிய வணிகனாக வளர்ந்து, காஸ்டர்பிரிட்ஜின் மேயராகவும் ஆகிறான். பிற்பாடு ஒருநாள் அவன் நீதிபதி இருக்கையில் இருக்கும்போது, தெருவில் ரகளை செய்ததற்காக ஒரு கிழவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அன்று சந்தையில் கூழில் ரம் கலந்து விற்றவள் அவள்தான். அவனை அடையாளம் கண்டுகொண்டு, தனக்குத் தீர்ப்புச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை என்று பழைய கதையைப் போட்டு உடைக்கிறாள். கட்டுக்கதை என்று எழுத்தர் அவளை அடக்குகிறார். ஹென்சார்ட் வாய் திறக்காமல் இருந்தாலே போதும், ஊர் அந்தக் கிழவியை நம்பப்போவதில்லை. அவனோ அது உண்மைதான் என்று சொல்லிவிட்டு இருக்கையை விட்டு இறங்கிவிடுகிறான். கிழவி அங்கே வந்து சேர்ந்தது ஆசிரியரின் சௌகரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை ஹென்சார்டைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவன் வியாபாரத்தில் நொடித்துப்போவதும் இப்படித்தான். தன் வணிகப் போட்டியாளன் ஃபார்ஃப்ரேயை ஒழித்துக்கட்டும் வெறியில், வானிலைக்குக் குறிசொல்பவனிடம் ரகசியமாகப் போய், அறுவடை நேரத்தில் மழை கொட்டும் என்ற வாக்கை நம்பித் தானியத்தை வாங்கிக் குவிக்கிறான். வானம் வெளுத்து விலை சரிந்ததும் பதறிப்போய் நட்டத்துக்கு விற்கிறான். விற்ற பிறகு மழை வருகிறது. வெளிநாட்டுத் தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்படுவதற்கு முன், உள்ளூர் விளைச்சலைப் பொறுத்தே ரொட்டியின் விலை நின்ற காலம் அது. சற்றுப் பொறுத்திருந்தால் குறிசொன்னவன் வாக்குப் பலித்திருக்கும்.

என் இரண்டாவது இடம் ‘தி வுட்லேண்டர்ஸ்’ (1887) நாவலுக்கு. கதை என்ற அளவில் ஹார்டிக்கே மிகவும் பிடித்ததும் அதுதான். அதில் பைன் கன்று நடும் காட்சியை மட்டுமாவது வாசியுங்கள். ஜைல்ஸ் வேர்களை மண்ணில் மெல்ல விரித்துப் பரப்ப, மார்ட்டி கன்றை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள். படுத்துக்கிடக்கும்போது மூச்சுக் காட்டாதவை, நிமிர்த்திய உடனே பெருமூச்சு விடத் தொடங்கிவிடுகின்றன என்கிறாள். அவன் வேறொருத்தியை விரும்புவது அவளுக்குத் தெரியும். டார்செட்டில் கொத்தனாரின் மகனாகப் பிறந்தவருக்கு, உழைக்கும் கைகளை எழுதும்போது எதையும் விளக்கவேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

‘டெஸ்’ எனக்கு மூன்றாவது. ‘ஜூட்’ நாவலில், கல்தச்சனான ஜூட் தான் நுழைய முடியாத கல்லூரிகளின் சுவர்களைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் பகுதிகள் எதற்கும் இளைத்தவை அல்ல. குழந்தைகள் மூவரும் மாண்டுகிடக்கும் இடத்தில்தான் ஆசிரியர் தன் வாதத்துக்காகக் கதையை வளைக்கிறார் என்று படுகிறது. உங்கள் மூன்றாவது நாவல் இனிமையானது; அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்து ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ வாசியுங்கள். முதல் அத்தியாயம் முழுவதும் எக்டன் ஹீத் என்ற புதர்வெளியின் வர்ணனைதான். கதைமாந்தர் எவரும் தலைகாட்டுவதில்லை. பொறுமையிழந்து அதைத் தாண்டிவிடாதீர்கள். அந்த நிலத்தை விட்டுத் தப்பிப்போகக் கதாநாயகி யூஸ்டேசியா ஏன் அப்படித் துடிக்கிறாள் என்பது அந்தப் பக்கங்களைக் கடந்தவர்களுக்குத்தான் விளங்கும்.