டாஸ்க் மேனேஜரில் 40 சதவீதம்தான். ஒலி ஏன் வெடிக்கிறது?

கேள்வி: குரல், வயலின், மிருதங்கம், கடம் என 16 டிராக்குகளை வீட்டில் பதிவு செய்து, லேப்டாப்பிலேயே மிக்ஸிங் செய்கிறேன். பிளக்-இன்களை (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) சேர்க்கச் சேர்க்க ஒலி வெடித்து வெடித்துக் கேட்கிறது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரோ செயலியின் (CPU) பயன்பாடு 40 சதவீதம்தான் என்று காட்டுகிறது. செயலியில் அதிகக் கோர்கள் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) உள்ள புதிய கணினி வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த 40 சதவீதம் எல்லாக் கோர்களுக்குமான சராசரி. ஒலிக்கோ சராசரி முக்கியமில்லை. கெடு தவறாமல் இருப்பதுதான் முக்கியம். கணினி ஒலியைச் சிறு துண்டுகளாகத்தான் கையாளும்; ஒரு துண்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) பஃபரை 128 சாம்பிள் என்று வைத்திருந்தால், சுமார் 2.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாக் கணக்கையும் முடித்தாக வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் அந்த வெடிப்புச் சத்தம் வந்துவிடும்.

ஒரு டிராக்கில் இருக்கும் பிளக்-இன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். தொனியைச் சரிசெய்யும் ஈக்யூ முடித்துக் கொடுத்தால்தான், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் தொடங்க முடியும். மாஸ்டர் டிராக்கின் நிலைமை இன்னும் மோசம்: மற்ற எல்லா டிராக்குகளும் வந்து சேரும்வரை அது காத்திருக்க வேண்டும். ஒலி வரம்பை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை, நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (சாம்பிள்களை நான்கு மடங்காக்கிக் கணக்கிடுவது) வைத்து அங்கே போட்டால், அதன் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். அந்த நேரத்தில் மற்ற கோர்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஆகவே கோர்களைக் கூட்டுவதால் மட்டும் இந்த நெரிசல் தீராது. என்றாவது புதிய கணினி வாங்கினால், ஒற்றைக் கோரின் வேகத்தை முதலில் பாருங்கள்.

பதிவு செய்வது உண்மையில் இலகுவான வேலை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 16 டிராக்குகளுக்கும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 2.3 மெகாபைட்தான். பாடுபவர் ஹெட்போனில் தாமதமில்லாமல் கேட்க வேண்டும் என்பதால் அப்போது பஃபர் 128 இருக்கட்டும், பிளக்-இன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸிங்குக்கு 1024 வையுங்கள். 21 மில்லி விநாடித் தாமதம் அங்கே யாரையும் உறுத்தாது.

மண்டபத்தின் எதிரொலியைத் தரும் ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தனி டிராக்கில் ஒன்றை மட்டும் வைத்து, எல்லாவற்றையும் தேவையான அளவில் அதற்கு அனுப்புங்கள். பளு குறைவது ஒருபுறம் இருக்க, கச்சேரியும் கச்சேரியாக ஒலிக்கும். ஒரே மேடையில் அமர்ந்து வாசிப்பவர்களுக்கு ஆளுக்கொரு மண்டபம் எதற்கு? முடிந்துவிட்ட டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது பிளக்-இன்களின் விளைவோடு சேர்த்து ஒலிக்கோப்பாக மாற்றிவிடுங்கள்.

மிக்ஸிங்கின்போது கேட்கும் வெடிப்பு, ஆஃப்லைனில் ஏற்றுமதி செய்யும் கோப்பில் பொதுவாக வராது; அந்த வேலைக்குக் கெடு கிடையாது. ஆனால் பதிவின்போது ஏற்பட்டது கோப்பிலேயே தங்கிவிடலாம். நல்ல ஆலாபனை ஒன்று அப்படிக் கெட்டுப்போகக் கூடாது. ஆகவே பதிவு நாளில் வைஃபையை அணைத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகி, மின்சேமிப்பு முறையையும் நீக்கிவிடுங்கள்.

இப்போது பஃபரை 1024க்கு மாற்றி, மாஸ்டரில் உள்ள பிளக்-இன்களை ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். எதை அணைத்ததும் வெடிப்பு நிற்கிறதோ அதை மாற்றினால் போதும். எல்லாப் பிளக்-இன்களையும் அணைத்த பிறகும் தொடர்ந்தால், உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) தயாரித்தவர்களே தரும் ஏசியோ (ASIO) டிரைவரை, அதாவது அந்தக் கருவியைக் குறைந்த தாமதத்தில் இயக்கும் மென்பொருளை, நிறுவிப் பாருங்கள்.