மோல்மேனில் ஒரு நாள்தான் இருக்கிறது, ஆற்றங்கரையில் என்ன பார்க்கலாம்?

சாயங்காலம் பகோடாவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் ரங்கூன் திரும்பிவிடலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால்தான் ஒரு நாள் என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பர்மாவின் இந்த மோல்மேனில் பிறந்து வளர்ந்த தமிழன். இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். ஊர்ப்பாசத்தில் சொல்கிறான் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

முதல் நாளுக்கு எல்லோரும் சொல்வதுதான். சல்வீன் ஆறு, இங்கே தான்ல்வின் என்போம், ஊருக்கு முன்னால் கடல் மாதிரி அகன்று கிடக்கும். காலையில் படகு பிடித்து கவுன்சே தீவுக்குப் போங்கள். அந்தக் காலத்தில் பர்மாவை ஆண்ட ஆவா ராஜாக்கள் தலை முழுகும் சடங்குக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போனதாம். எதிரே பெரிய தீவு பிலு சுன். 2017-இல் பாலம் வந்துவிட்டதால் வண்டியிலேயே போகலாம். சிலேட்டுப் பலகையும் ரப்பர் வளையமும் வீட்டு வாசலில் வைத்துச் செய்வார்கள். சாயங்காலம் சைக்தான்லான் பகோடாவுக்கு ஏறுங்கள். 1852 வரை ஆங்கிலேயர் தலைநகராக வைத்திருந்த ஊர் முழுதும் கீழே தெரியும். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டலே பேச்சு, ரங்கூன் பகட்டு, மோல்மேன் சாப்பாடு என்று பர்மாக்காரர்களே சொல்வார்கள்.

இரண்டாம் நாளுக்குத்தான் இந்தப் பதிலே.

சில வருடங்களுக்கு முன் மலேசியாவிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். கோயிலில் என்னைப் பார்த்து, "தம்பி, தான்பியூசயாத் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். தெற்கே 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றேன். அவருடைய தாத்தாவைப் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். திரும்பவில்லை. இறந்த செய்தியும் வரவில்லை. பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றாமலே போய்ச் சேர்ந்தாராம்.

மறுநாள் நானே அழைத்துப் போனேன். சயாமில் தொடங்கி 415 கிலோமீட்டர் ஓடிய அந்தப் பாதை முடிந்த இடம் தான்பியூசயாத். 1943 அக்டோபரில் இரண்டு பக்கத் தண்டவாளமும் இணைந்தன. அங்கே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவர் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனார். பாதி தூரம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது, தாத்தா பெயரைத் தேடுகிறார் என்று. "அண்ணே, இது சிப்பாய்களுக்கு" என்றேன். "தெரியும் தம்பி, இருந்தாலும் பார்த்துவிடுகிறேன்" என்றார். கடைசி வரிசைவரை பார்த்தார். கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் தோட்டத்திலிருந்து போன தமிழர்களும் பர்மியர்களும் மற்ற கூலிகளும்தான். காலராவில் விழுந்தவனை விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள், எரித்தார்கள். அவர்களுக்குப் பெயர் எழுதிய கல் கிடையாது.

திரும்பும்போது, "எந்தத் தேதிக்குத் திதி கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லையே" என்றார். வீட்டில் அம்மா கேட்டுவிட்டு, "நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் நாள், தம்பி. இன்னும் மூன்று நாள்தானே, இங்கேயே இரு" என்றார். அவர் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கினார். அமாவாசை காலையில் ஸ்ட்ராண்ட் ரோடு படித்துறையில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பாட்டி பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

சுற்றுலா வருகிறவரைச் சுடுகாட்டுக்கு அனுப்புகிறாயே என்று சிலர் கேட்பார்கள். எல்லோரையும் அழச் சொல்லவில்லை. தாய்லாந்தில் குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தமிழர்கள், அதே பாதையின் இந்த முனைக்கும் ஒரு தடவை வரலாம் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கேமராவோடு வருகிறவர்கள் "பர்மாவில் தமிழா!" என்று எங்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். 60-களில் தனியார் பள்ளிகள் அரசு கைக்குப் போன பிறகு இங்கே பிள்ளைகள் தமிழ் படிப்பது கோயில் கூடத்தில், சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் பெயருக்குத்தான். பாடப்புத்தகம் அனுப்புகிறோம் என்று இரண்டு குழுக்கள் சொல்லிவிட்டுப் போயின. ஒரு கட்டுகூட வரவில்லை. பிள்ளைகள் இன்னும் ஜெராக்ஸ் தாளில்தான் படிக்கிறார்கள். வருகிறவர்கள் பையில் நான்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு வந்தால் பெரிய உதவி.

அப்புறம், தெற்கு ரோடு நிலவரம் இப்போது அடிக்கடி மாறுகிறது. அன்றன்று உள்ளூர்க்காரர் போகலாம் என்று சொன்னால் மட்டும் கிளம்புங்கள். போக முடியாவிட்டாலும் ஆற்றில் இரண்டு கை தண்ணீர் விடலாம். எள் சந்தையில் கிடைக்கும். கடல் பக்கம் என்பதால் ஆறு ஏறும், வற்றும். வற்றும்போது கரை முழுக்கச் சேறு, கால் புதையும். தண்ணீர் ஏறும் நேரத்தை முதல் நாளே படகுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.