நாலு முகத்துக்கு ஒரே செட் சரிவருமா? ஸ்நார்கெலிங் மாஸ்க், குழாய் வாங்கும் முன்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஸ்நார்கெலிங் (முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தபடி, குழாய் வழியாக மூச்சு விட்டுக் கடலுக்குள் பார்ப்பது) செய்ய ஆசை. பலர் வாயில் வைத்த வாடகைக் குழாயை வைக்க மனசு வரவில்லை. சொந்தமாக வாங்கிக்கொள்ள நினைக்கிறோம். முழு முகத்தையும் மூடும் மாஸ்க், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே செட்டாக ஆன்லைனில் கிடைக்கிறது. அதையே வாங்கிவிடலாமா? எனக்கு வலது கண் −3.25, இடது கண் −2.50, அந்தக் கண்ணுக்கு மட்டும் சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்) −1.00. கணவருக்கு அடர்த்தியான மீசை, நீச்சலும் தெரியாது. மகளுக்கு 12 வயது, உயரம் 152 செ.மீ. மகனுக்கு 7 வயது, 118 செ.மீ., 22 கிலோ.

பதில்: அந்த செட் வேண்டாம். மாஸ்க் என்பது செருப்பு மாதிரி, போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உங்கள் வீட்டு நாலு முகத்துக்கும் நாலு விதமான தேவை இருக்கிறது.

முழுமுக மாஸ்க் உங்களுக்கு ஏன் ஒத்துவராது என்பதை முதலில் சொல்லிவிடலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மாட்ட முடியாது. கண்ணாடியின் காது கம்பி போகும் இடத்தில் சிலிகான் முகத்தில் ஒட்டாது, அந்த வழியாகத் தண்ணீர் வரும். பெரும்பாலான மாடல்களில் மூக்கைப் பிடித்துக் காதடைப்பை எடுக்கவும் முடியாது. சாதாரணக் குழாயில் தண்ணீர் புகுந்தால் துப்பிவிட்டுத் தலையைத் தூக்கினால் போதும். முழுமுக மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மூக்கும் வாயும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும்; பின்பக்க வாரை இழுத்துக் கழற்றுவதற்குள் பழகாதவருக்குப் பதற்றம் வந்துவிடும். உள்ளே இருக்கும் ஒருவழி வால்வுகள் சரியாக மூடாவிட்டால், விட்ட மூச்சே மறுபடி உள்ளே போகும். நீச்சல் தெரியாத கணவருக்கும் ஏழு வயதுப் பையனுக்கும் நிச்சயமாக வேண்டாம்.

கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் மாஸ்க், தனியாக ஒரு குழாய்: இதுதான் உங்களுக்குச் சரி. நீச்சல் குளத்துக்குப் போடும் காகிள்ஸை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் மூக்கு வெளியே இருக்கும். இரண்டு மூன்று மீட்டர் கீழே போனாலே தண்ணீரின் அழுத்தம் அதைக் கண்ணோடு சேர்த்து அமுக்கும். மாஸ்க்கில் என்றால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அந்த அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

லென்ஸ் டெம்பர்டு, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய, கண்ணாடியாக இருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் அந்தச் சொல் பொறித்திருக்கும். பிளாஸ்டிக் லென்ஸ் சீக்கிரம் கீறல் விழும். முகத்தில் ஒட்டும் ஓரத்தை, கடைக்காரர்கள் ஸ்கர்ட் என்பதை, விரலால் மடித்துப் பாருங்கள். சிலிகான் என்றால் துவண்டு மடங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பி.வி.சி. என்றால் விறைப்பாக இருக்கும், மடித்த கோடு கொஞ்ச நேரம் தெரியும், பிளாஸ்டிக் வாடையும் அடிக்கும். மலிவான சிறுவர் செட்டுகளில் பெரும்பாலும் பி.வி.சி.தான். சிறுவன் முகம் சின்னது, மென்மையானது. அதில் விறைத்த பி.வி.சி. ஒட்டவே ஒட்டாது. ஸ்கர்ட் கருப்பா, நிறமற்றதா என்பது உங்கள் விருப்பம்.

பொருத்தம் பார்க்கும் முறையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, மூக்கால் பலமாக உறிஞ்சி, கையை விட்டதும் அது விழாமல் நிற்பதைப் பார்த்து ‘பொருந்திவிட்டது’ என்று முடிவு செய்கிறார்கள். அப்படி உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும்தான் ஒட்டும். செய்ய வேண்டியது இது: வாரை முன்பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைக் கூரைப் பக்கம் உயர்த்தி, மாஸ்க்கை அழுத்தாமல் முகத்தின் மேல் சும்மா வையுங்கள். ஸ்கர்ட் நெற்றி, கன்னம், மேலுதடு என்று சுற்றிலும் தொடுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். நெற்றிப்பொட்டில் இடைவெளி தெரிந்தால் உங்களுக்கு அது அகலம். கன்னத்தில் மட்டும் தொட்டு நெற்றியில் தூக்கிக்கொண்டிருந்தால் உயரம் சரியில்லை. அப்புறம் குழாயின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு, மூக்கால் லேசாக மூச்சிழுத்துப் பிடித்துக் குனியுங்கள். பத்து வினாடி நின்றால் சரி. குழாயைக் கடித்ததும் கன்னமும் மேலுதடும் நகரும். வாய் மூடியிருக்கையில் ஒட்டிய மாஸ்க் அப்போது விட்டுவிடலாம். அதனால்தான் குழாயோடு பார்க்கச் சொல்கிறோம். கடைசியாக, மூக்கின் தண்டில் சட்டம் இடிக்கிறதா என்று கவனியுங்கள். கடையில் லேசாக உறுத்துவது கடலில் அரை மணி நேரத்தில் தாங்க முடியாத வலியாகிவிடும்.

உங்கள் கண்ணுக்கு வருவோம். இரண்டு தனி லென்ஸ் உள்ள மாஸ்க்கைத்தான் தேட வேண்டும். ஒற்றை லென்ஸ் மாடலில் இப்படி லென்ஸ் மாற்ற முடியாது. பல நிறுவனங்கள் −1-இலிருந்து 0.50 இடைவெளியில் தயார் லென்ஸ் விற்கின்றன. இடதும் வலதும் வேறு வேறாகவும் வாங்கலாம். சிலிண்டருக்கென்று தயார் லென்ஸ் கிடைக்காது. சிலிண்டரில் பாதியை மற்ற பவரோடு கூட்டிக்கொள்வது வழக்கம்: உங்கள் இடது கண் −2.50, அதோடு −0.50, ஆக −3.00. வலது கண் −3.25 இரண்டு படிகளுக்கு நடுவில் இருக்கிறது. குறைந்ததை, அதாவது −3.00-ஐ எடுங்கள். தட்டையான மாஸ்க் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பொருள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு பக்கத்திலும் தெரியும் என்பதால் அந்தச் சின்னக் குறை உறுத்தாது. ஆக இரண்டு பக்கமும் −3.00. வாங்கும் முன் உங்கள் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்குவதைக் கண் மருத்துவர்கள் விரும்புவதில்லை. தண்ணீரில் இருக்கும் கிருமிகள் லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியைப் பாதிக்கும்.

மீசை. மூக்குக்குக் கீழே ஸ்கர்ட் படியும் இடத்தில் முடி இருந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும். முழுக்க எடுக்கத் தேவையில்லை. மூக்குக்கு நேர் கீழே, அரை செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை மட்டும் மழித்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கும் சம்மதிக்காவிட்டால் மீசையின் மேல் சிலிகான் கிரீஸ் தடவலாம். அப்போதும் கொஞ்சம் வரும், அவ்வப்போது வெளியேற்ற வேண்டியிருக்கும். வெளியேற்றுவது எளிது: மாஸ்க்கின் மேல் சட்டத்தை நெற்றியோடு அழுத்தி, முகத்தை லேசாக நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். உள்ளே காற்றிடம் குறைவான மாஸ்க்காக இருந்தால் ஒரு மூச்சில் காலியாகும்.

இனி, கடைகளில் யாரும் சொல்லாத விஷயம்: குழாயின் கொள்ளளவு. நாம் விடும் மூச்சின் கடைசிப் பகுதி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அதுதான். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒரு மூச்சில் சுமார் 500 மி.லி. காற்று இழுப்பார். 22 கிலோ எடையுள்ள உங்கள் மகன், கிலோவுக்கு 7 மி.லி. என்று வைத்தால், சுமார் 150 மி.லி.தான் இழுப்பான். பெரியவர்களுக்கான குழாய்க்குள் 230 மி.லி. வரை காற்று பிடிக்கும். அதை அவன் வாயில் வைத்தால், சாதாரணமாக மூச்சு விடும்போது தான் விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பான். தலை வலிக்கும், மூச்சு வாங்கும், பயப்படுவான்.

இதற்காகவே ஐரோப்பியத் தர நிர்ணயம் இ.என். 1972 குழாய்களை இரண்டாகப் பிரிக்கிறது. பெரியவர்களுக்கானது 38 செ.மீ. நீளம், 230 மி.லி. கொள்ளளவைத் தாண்டக் கூடாது. நுரையீரல் சிறிதாக உள்ளவர்களுக்கானது 35 செ.மீ., 150 மி.லி. வரைதான். அட்டையில் அந்த எண் இல்லாவிட்டால் வீட்டிலேயே அளந்துவிடலாம். மேல்முனையில் மிதவை வால்வு இல்லாத குழாய் என்றால், வாய்ப்பகுதியையும், அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வு இருந்தால் அதையும் கையால் அடைத்து, மேலே இருந்து தண்ணீர் நிரப்பி, மி.லி. குறித்த குவளையில் ஊற்றிப் பாருங்கள். மகனுக்கு 150-ஐத் தாண்டினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 152 செ.மீ. உயரமுள்ள மகள் பெரியவர்களுக்கான குழாயை வைத்துக்கொள்ளலாம். மாஸ்க் மட்டும் குறுகிய முகத்துக்கான பெரியவர் மாடலாக இருந்தால், சிறுவர் மாடலைவிட அதிகக் காலம் உழைக்கும். ஆனால் மகன் விஷயத்தில் ‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்குவோம்’ என்ற நம் பழக்கம் பலிக்காது. பள்ளிச் சட்டை தொளதொளத்தால் ஒன்றுமில்லை, மாஸ்க் தொளதொளத்தால் மூக்கில் தண்ணீர் ஏறும்.

குழாயில் எந்த வகை என்பதில் எங்கள் சாய்வு எளிமையின் பக்கம். அடியில் தண்ணீரை வெளியேற்றும் ஒருவழி வால்வு, மேலே அலை தெறிப்பதைத் தடுக்கும் ஒரு மூடி, இவ்வளவு போதும். பலமாக ஊதத் தெரியாத பையனுக்கு அடிவால்வு ரொம்ப உதவி. தண்ணீர் அங்கே தானாகவே இறங்கி நிற்கும், ‘டூ’ என்று ஒரு சின்ன ஊது போதும். தலையில் மிதவை வைத்து, முங்கியதும் தானாக மூடிக்கொள்ளும் ‘டிரை’ வகை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மேல்முனை கனமாகி மாஸ்க்கை ஒரு பக்கமாக இழுக்கும். மூச்சிழுக்கும் நடுவில் சட்டென்று மூடிக்கொண்டால் புதியவர் திடுக்கிடுவார். அதைவிட முக்கியம், சில மாடல்களில் மூச்சிழுப்பதே கடினமாக இருக்கும். எதிர்ப்புக்கு எதிராகத் திரும்பத் திரும்ப மூச்சிழுப்பதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தைப் பற்றி 2021-இல் வெளியான ஹவாய் ஆய்வு எச்சரித்தது. எனவே வாங்கும் முன் குழாயை வாயில் வைத்து வேகவேகமாகப் பத்து மூச்சு இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போலத் தோன்றினால் அது வேண்டாம். வாய்ப்பகுதி மென்மையான சிலிகானாக, மகனுக்குச் சிறிய அளவில் இருக்கட்டும். பெரியது தாடையை வலிக்கச் செய்யும். வளைவில் மடிப்பு மடிப்பாக இருந்தால், அந்த மடிப்பு வெளியே மட்டும்தானா என்று விரல்விட்டுப் பாருங்கள். உள்ளேயும் மடிப்பு இருந்தால் தண்ணீர் தங்கிக் களகளவென்று சத்தம் போடும்.

வாங்கி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. புது மாஸ்க் கண்ணாடியின் உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த சிலிகான் படலம் இருக்கும். அது போகும்வரை ஆவி படிந்துகொண்டே இருக்கும். ஜெல் இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று நான்கு முறை. பிளாஸ்டிக் லென்ஸிலோ, ஆவி தடுக்கும் பூச்சு ஏற்கெனவே உள்ள கண்ணாடியிலோ இதைச் செய்யக் கூடாது. லைட்டர் சுடரால் கருக்கும் முறையை இணையத்தில் பார்ப்பீர்கள்; பக்கத்துச் சிலிகான் கருகிப் போகும், விட்டுவிடுங்கள். கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து உள்ளே தடவி லேசாக அலசினால் போதும். எச்சிலும் வேலை செய்யும், பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

கசிந்தால் எல்லாரும் வாரை இறுக்குவார்கள். அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். அதிகம் இறுக்கினால் ஸ்கர்ட் மடங்கி வாய் பிளக்கும். வார் காதுக்கு மேலே, தலையின் அகலமான பகுதியில், நழுவாத அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். முதலில் முடி ஏதாவது ஸ்கர்ட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அன்று காலை யாரும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்க வேண்டாம். நெற்றியில் வழிந்த எண்ணெயிலும் தடித்த சன்ஸ்கிரீனிலும் சிலிகான் வழுக்கும். உங்களுக்கும் மகளுக்கும் வாரின் மேல் துணி போன்ற நியோபிரீன் உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கூந்தல் பிய்யாது. பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்த்திப் போட வேண்டும்.

கடலில் முதல் தடவையாக மாட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். புறப்படும் முன் உங்கள் ஊரிலேயே இடுப்பளவு ஆழமுள்ள நீச்சல் குளத்தில் மூன்று நான்கு நாள் பழகுங்கள். நின்றபடி முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, வாயால் மெதுவாக, ஆழமாக மூச்சு விடுவதுதான் முதல் பாடம். அப்புறம் மிதப்பது, அப்புறம் வேண்டுமென்றே குழாயில் தண்ணீர் விட்டு ஊதி வெளியேற்றுவது. 150 மி.லி. குழாயிலும்கூட மகன் மெதுவாக, நீளமாக மூச்சு விட்டால்தான் புதுக் காற்று கிடைக்கும். சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு விட ஆரம்பித்தால் உடனே குழாயை எடுக்கச் சொல்லி நிற்க வையுங்கள். ஹேவ்லாக்கின் எலிஃபென்ட் கடற்கரையில் வழிகாட்டிகள் மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிப்போவார்கள். கணவரும் மகனும் வளையத்தை நம்பி லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. மகனுக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் நீங்களோ வழிகாட்டியோ இருக்க வேண்டும். நின்று இளைப்பாற வேண்டுமென்றால் மணல் பார்த்து நில்லுங்கள். பவளப்பாறையில் கால் வைத்தால் பாறையும் உடையும், காலும் கிழியும்.

மாஸ்க்கை அது வந்த கெட்டி டப்பாவிலேயே எடுத்துப் போங்கள். பெட்டியில் செருப்புக்கு அடியில் நசுங்கிய ஸ்கர்ட் கோணலாகவே நின்றுவிடும். காலில் மாட்டும் கருப்பு ரப்பர் துடுப்புகளோடு ஒட்டி வைத்தால் நிறமற்ற சிலிகான் கறைபடும். குழாயை வாரோடு பிணைக்கும் கிளிப் சின்னது, அதுதான் முதலில் உடையும். உபரியாக இரண்டு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் இறங்கும் முன் குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று வந்தால் அடிவால்வில் மணல் சிக்கியிருக்கிறது. ஒரே ஒரு மணல் போதும், குழாய் முழுக்க உப்புத் தண்ணீர்தான். வால்வை விரலால் மெதுவாகத் தூக்கிக் கழுவிவிட்டு மறுபடி உறிஞ்சிப் பாருங்கள்.