மகளுக்கு டிக்கெட் மிச்சம், உங்களுக்கு இஎம்ஐ

கேள்வி: என் சம்பளம் ₹68,000. பைக், போன் இஎம்ஐ ₹9,500 போகிறது. வகுப்பில் எல்லோரும் சிங்கப்பூர் போய்விட்டார்கள் என்று 6 வயது மகன் அடம்பிடிக்கிறான். மகளுக்கு டிசம்பர் 28-ல் 2 வயது முடிகிறது. அதற்குள் கிளம்பினால் அவளுக்கு டிக்கெட் மிச்சம் என்கிறார் ஏஜென்ட். அரையாண்டு விடுமுறையில் 24 முதல் 30 வரை பயணம், பேக்கேஜ் ₹3 லட்சம். 14% வட்டியில் பர்சனல் லோன் எடுக்கலாமா? - வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். தேதியே இடிக்கிறது. பொதுவாக விமான நிறுவனங்கள் பயண நாளன்று குழந்தைக்கு என்ன வயது என்றுதான் பார்க்கும். போகும்போது மகள் உங்கள் மடியில் உட்காரலாம். 30-ம் தேதி திரும்பும்போது 2 வயது தாண்டிவிடும், தனி சீட் வேண்டும். கடைசி நேரத்தில் கவுன்ட்டரில் வாங்கினால் என்ன விலை சொல்வார்களோ! மடிக்குழந்தைக்கும் கட்டணம் உண்டு, விசாவும் உண்டு.

28-க்கு முன்பே திரும்புவதாக வைத்துக்கொண்டாலும், போக வர ஒரு சீட் தோராயமாக ₹20,000. மிச்சம் அதற்குள்தான். லோனோ 24 மாதம், மாதம் சுமார் ₹14,400. வட்டி ₹45,700. பிராசஸிங் கட்டணம் 2% என்றால் ஜிஎஸ்டியோடு ₹7,080. ஆக ₹20,000 மிச்சம் பிடிக்க ₹52,800 செலவு!

அடுத்து ஏஜென்ட், வட்டியே இல்லாத தவணை, 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பார். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டியும், வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் ₹3 லட்சத்தில் அடக்கமா என்றும் கேளுங்கள். டிசிஎஸ்ஸை வருமான வரி ரிட்டர்னில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் இப்போது கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த ₹9,500. பைக்குக்கு இஎம்ஐ, போனுக்கு இஎம்ஐ, இப்போது ஊர் சுற்றவும் இஎம்ஐயா? அதே ₹14,400-ஐ மாதாமாதம் வங்கியில் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) கட்டுங்கள். 6.5% வட்டி என்றால் 20 மாதத்தில் ₹3.04 லட்சம் சேரும். லோனைவிட 4 தவணை குறைவு. இந்தச் செப்டம்பரில் தொடங்கினால், வரும் மே போய் அதற்கடுத்த மே மாதம் கிளம்பலாம். அப்போது மகளுக்கு மூன்றரை வயதுகூட ஆகியிருக்காது. சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவில் 4 வயதுக்குக் கீழ் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. 122 செ.மீ. உயரம் கேட்கும் ரைடுகளில் மகனும் ஏறும் அளவுக்கு வளர்ந்திருக்கலாம். இன்று போனால் அவன் அந்த ரைடுகளின் வாசலில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

அங்கே கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலராகவே ஏற்றிக்கொள்ளுங்கள்.