வாசகர் கேள்வி – பதில்: ஏழைக்கு மட்டும் விலை ஏன் கூடுகிறது?

கேள்வி: என் தாயார் இருபது ஆண்டுகளாக இட்லி அவித்துத் தருகிறார், நான் விடியற்காலையில் சைக்கிளில் கட்டி எடுத்துச் சென்று விற்கிறேன். சென்ற ஆண்டு கியூஆர் அட்டையும், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கி வைத்தோம். பெட்டிக்கு மாதந்தோறும் வாடகை பிடித்துக்கொள்கிறார்கள். தொழில்நுட்பமும் தனியார் நிறுவனங்களும் கைகோத்தால் வறுமை நீங்கும் என்று எங்கள் பகுதிக்கு வந்து பேசிய ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் எதுவும் நீங்கியதாகத் தெரியவில்லை. இதில் உண்மை எவ்வளவு?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: இந்த விவாதத்தின் ஒரு நுனி உங்கள் தாராவியில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளராகக் கருதி நிறுவனங்கள் விற்றால் லாபமும் வரும், வறுமையும் குறையும் என்று 2004ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அதில், தாராவியில் வசிப்பவர் கொடுக்கும் விலையையும் தென் மும்பையின் வார்டன் சாலையில் வசிப்பவர் அதே பொருளுக்குக் கொடுக்கும் விலையையும் அருகருகே வைத்துக் காட்டினார். தண்ணீருக்குத் தாராவிக்காரர் கொடுத்தது 37 மடங்கு. கடனுக்கு வார்டன் சாலையில் ஆண்டு வட்டி 12 முதல் 18 சதவீதம். தாராவியில் 600 முதல் 1,000 சதவீதம். எண்கள் பழையவை என்றாலும் அவற்றுக்கான காரணங்கள் இன்னும் போய்விடவில்லை. குழாய் இணைப்பு இல்லாதவர் குடக்கணக்கில் தண்ணீர் வாங்குகிறார். ஈடு வைக்க எதுவும் இல்லாதவர் தண்டலுக்குக் கடன் வாங்குகிறார். அன்றாடம் கால் கிலோ வாங்குபவருக்கு மூட்டை விலை கிடைப்பதில்லை.

ஆகவே, ஒரு கருவியோ நிறுவனமோ வறுமையைக் குறைக்கிறதா என்று பார்க்க, ஏழை கூடுதலாகக் கொடுத்துவரும் இந்தப் பணத்தில் எதை அது குறைத்தது என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை இதற்கு நல்ல சான்று. அதற்கு முன் நைரோபியில் வேலை செய்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால், பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குப் போகும் தெரிந்தவரிடமோ கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எம்-பெசா யாருடைய கூலியையும் உயர்த்தவில்லை. பணம் போய்ச் சேரும் செலவையும் காலத்தையும்தான் குறைத்தது. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ விளைச்சல் பொய்த்தாலோ உறவினர் பலரிடமிருந்து அன்றைக்கே சிறு தொகைகள் வந்து சேர்ந்ததால், மாட்டையோ விதையையோ விற்க வேண்டிய நிலை குறைந்தது. தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 சதவீதம், வறுமையிலிருந்து மேலே வந்தன. நூற்றுக்கு இரண்டுதானா என்று தோன்றலாம். ஒரே ஒரு சேவையால் இவ்வளவு நடந்தது என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே வரும் பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறை. கட்டணம் இல்லாத சேவையை ஒரு நிறுவனம் எதை நம்பி நடத்தும்? பெட்டி வாடகையையும், உங்கள் வரவைப் பார்த்து உங்களுக்குக் கடன் கொடுப்பதில் கிடைக்கும் வருமானத்தையும் நம்பித்தான். அதில் தவறில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் கணக்குப் போட வேண்டும். அட்டை மட்டும் போதுமா, பெட்டியும் வேண்டுமா என்பது வேறு வேறு கேள்விகள். கூட்டத்துக்கு நடுவே ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சட்னி வாளியுமாக நிற்கும்போது கைபேசியை எடுத்துப் பார்க்க முடியாது என்றால், பணம் வராமலே வந்ததாகக் காட்டி நகர்ந்துவிடுகிறவர்களால் மாதத்தில் எவ்வளவு இழந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது வாடகையைவிடக் கூடுதல் என்றால் பெட்டி இருக்கட்டும்; குறைவு என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெட்டி கொடுத்த நிறுவனம் தன் செயலி வழியே கடன் தருவதாகச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். நாள்தோறும் சிறு தொகையாகப் பிடித்துக்கொள்ளும் கடன், உங்கள் தெருவின் தண்டலைப் போலவே சுலபமாகத் தோன்றும். எல்லாச் செலவுகளும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் வாங்கும் முன்பே எழுத்தில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தெருவோர வியாபாரிகளுக்கென 2020இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் ஈடு இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கிறது. ஒழுங்காகக் கட்டுவோருக்கு வட்டியில் 7 சதவீத மானியமும் உண்டு. செயலியின் கடனுக்கு முன் அதை விசாரியுங்கள்.

கேள்வி: லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் ஏழைக்கு உண்மையாகவே நன்மை செய்ய முடியுமா?
– கல்லூரி ஆசிரியை, மாட்டுங்கா

பதில்: முடியும், ஆனால் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஓர் அறக்கட்டளைதான் என்றாலும், நடத்தப்படும் முறையில் எந்த நிறுவனத்துக்கும் சளைத்ததல்ல. பணம் கொடுக்கும் நோயாளிகளின் வருவாயிலிருந்தே இலவச அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி வில்லை எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அதைத் தாங்களே செய்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். கண் தெரிந்தவர் வேலைக்குத் திரும்புகிறார்.

மறுபுறம் சிறுகடன் நிறுவனங்களின் கதை. ஏழைகளுக்கு ஈடு இல்லாமல் சிறு தொகை கடன் கொடுத்த வங்கதேசத்தின் கிராமீன் வங்கியும் அதை நிறுவிய முகமது யூனுஸும் 2006இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது, உலகமே சிறுகடனை வறுமைக்கு மருந்தாகக் கொண்டாடியது. நான்கே ஆண்டுகளில், 2010இல், ஒரு சிறுகடன் நிறுவனம் பங்குச் சந்தையில் பெரும் வரவேற்பைப் பெற்ற சில வாரங்களில், ஆந்திர அரசு கடன் வசூலின் கெடுபிடிகளைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்திருந்தன. ஹைதராபாத் உள்ளிட்ட ஆறு இடங்களில் நடந்து 2015இல் ஒன்றாக வெளியான ஆய்வுகள், சிறுகடன் சிலருக்குத் தொழிலை விரிவாக்க உதவியது, ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை என்று காட்டின.

பிரகலாதோடு அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அனீல் கர்னானி, ஏழைகளை வாங்குவோராகப் பார்ப்பதைவிட உற்பத்தி செய்வோராகப் பார்த்து அவர்களிடமிருந்து வாங்குவதே வறுமையைக் குறைக்கும் என்று வாதிட்டார். நம் கடலூர் சின்னி கிருஷ்ணன் பரப்பிய சிறு பொட்டலத்தால் ஷாம்பு குடிசைக்கும் போய்ச் சேர்ந்தது. அது நல்ல வியாபாரம், ஆனால் வாங்கியவரின் வருமானம் அதனால் கூடவில்லை. தண்ணீர், வட்டி விஷயத்தில் நான் பிரகலாத் பக்கம். ஷாம்பு விஷயத்தில் கர்னானி பக்கம்.

கேள்வி: ஏழைக் குழந்தைகளுக்கு மடிக்கணினி கொடுத்தால் போதுமா?
– வாசகர், அந்தேரி

பதில்: போதாது. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். தாராவி இட்லிக்காரர்களுக்காக ஒரு செயலி உருவாக்கி, அதையே தொழிலாகவும் நடத்த விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
– வாசகர், சயான் கோளிவாடா

பதில்: முதலில் ஒரு தோல்வியைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அந்த விசையில் நிலத்தடி நீர் மேலேறும் என்று சொல்லி, தென் ஆப்பிரிக்காவில் பிளேபம்ப் என்ற கருவி வந்தது. 2006இல் ஒரு கோடி டாலருக்கும் மேலான உதவி அறிவிக்கப்பட்டது. குழந்தைகள் எத்தனை நேரம் விளையாடுவார்கள்? பல ஊர்களில் கடைசியில் பெண்கள்தான் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ளினார்கள். பழைய கைப்பம்பே தேவலை என்றார்கள்.

வெற்றி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1997 ஜனவரி 14 காலை, கேரளத்தின் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பவிருந்தார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் பதிவு செய்த காட்சி இது. அடுத்த சில ஆண்டுகளில் கைபேசிக் கோபுரங்கள் வந்தபோது, மீனவர்கள் கடலிலிருந்தே பல கரைகளுக்குப் பேசி, விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கென்று யாரும் செயலி எழுதவில்லை.

இட்லியும் மத்தியைப் போலத்தான், மறுநாளுக்கு நிற்காது. பெங்களூரில் செல்கோ சூரிய விளக்கு நிறுவனத்தைத் தொடங்கிய ஹரிஷ் ஹந்தே, தெருவோர வியாபாரி ஒருவருக்கு மாதம் 300 ரூபாய் என்றால் மலைப்பாகவும் நாளுக்கு 10 ரூபாய் என்றால் எளிதாகவும் இருந்ததைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். உங்கள் செயலிக்கு மாதச் சந்தா வைக்க நினைத்திருந்தால் இப்போதே அதை அடித்துவிடுங்கள்.

பிறகு, ஒரு வாரம் அதிகாலையில் இட்லி அவிக்கும் ஒரு வீட்டில் அனுமதி கேட்டு உட்காருங்கள். எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது, வராத நாளில் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், அரிசியும் உளுந்தும் ரொக்கத்துக்கா கடனுக்கா, எந்தச் சைக்கிள் எந்தப் பக்கம் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் மீந்த இட்லியோடு திரும்பும் சைக்கிள்களையும் எண்ணுங்கள். பல சைக்கிள்கள் அப்படித் திரும்பினால், எந்தத் தெருவில் எவ்வளவு தேவை என்று சொல்லும் உங்கள் செயலிக்கு வேலை இருக்கிறது. எல்லாச் சைக்கிளும் காலியாகத் திரும்பினால் செயலியை விட்டுவிட்டு, பத்து வீடுகள் சேர்ந்து உளுந்தை மூட்டையாக வாங்க முடியுமா என்று விசாரியுங்கள்.