கண்டிஷனல் அப்ரூவல் வந்தாச்சு, அப்புறம் ஏன் இத்தனை கேள்வி?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள், முதல் வீடு, வட கரோலினாவில் கேரி பக்கம் ஒரு டவுன்ஹவுஸுக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. வீட்டு லோனுக்குக் கண்டிஷனல் அப்ரூவல், அதாவது சில நிபந்தனைகளோடு ஒப்புதல், கையில் இருக்கிறது, ஆனாலும் லோன் ஆபீசர் விடாமல் பேப்பர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஊரில் அப்பா நிலம் விற்ற பணத்தில் கொஞ்சம் அனுப்பப் போகிறார். இதற்கு நடுவில் வேறு கம்பெனியில் இருந்து நல்ல சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது, அம்மாவோ கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறார். "ரிஜெக்ட் பண்ணிவிடுவார்களா அண்ணா, தூக்கமே வரவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூங்குங்கள். பேப்பர் கேட்கிறார்கள் என்றால் ஃபைல் நகர்கிறது என்றுதான் அர்த்தம். கொடுக்க முடியாது என்று முடிவு செய்துவிட்டால் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், எழுத்தில் சொல்லிவிடுவார்கள், என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் சட்டப்படி உங்களுக்கு உண்டு. நீங்கள் பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டுதான், அந்த இரண்டைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. ஒன்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் டியூ டிலிஜென்ஸ் தேதி, அதாவது எல்லாவற்றையும் சரிபார்த்து, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளக் கடைசி நாள். இன்னொன்று அந்தப் புது வேலை.

தேதியில் இருந்து ஆரம்பிக்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் சித்தப்பா பையன், லோன் கிடைக்காவிட்டால் டெபாசிட் திரும்பி வந்துவிடும் என்று தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒப்பந்தத்தில், லோன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனையை மார்ட்கேஜ் கண்டின்ஜென்சி என்று தனியாகப் போட்டுக்கொள்வது வழக்கம், அதனால் அவர் ஊருக்கு அது சரி. இங்கே எல்லோரும் கையெழுத்துப் போடும் வழக்கமான படிவத்தில் லோனுக்கென்று அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. நீங்கள் வீட்டை விற்பவருக்கு நேராகக் கொடுத்த டியூ டிலிஜென்ஸ் ஃபீ போனது போனதுதான், வாங்கி முடித்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், பின்வாங்கினால் கிடைக்காது. எஸ்க்ரோவில், அதாவது நடுவில் ஒருவர் பொறுப்பில், இருக்கும் முன்பணமான எர்னஸ்ட் மணி வேறு கணக்கு. டியூ டிலிஜென்ஸ் கடைசி நாள் மாலை 5 மணிக்குள் எழுத்தில் விலகினால் அது திரும்ப வரும், அதற்குப் பிறகு லோன் மறுக்கப்பட்டது என்பதற்காக விலகினால்கூட அதுவும் போய்விடும். ஆகவே நீங்கள் லோன் ஆபீசரிடம் "எப்போது முடியும்" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தத் தேதியைச் சொல்லி, அதற்குள் வீட்டின் மதிப்பீடான அப்ரைசல் வந்துவிடுமா, வருமானம், பணம் இரண்டும் லோனை முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் பார்த்து முடித்துவிடுவாரா, பாக்கி இருக்கும் கண்டிஷன்கள் எவை என்று ஈமெயிலில் கேளுங்கள். இழுக்கும் போலத் தெரிந்தால் தேதியைத் தள்ளிவைக்க உங்கள் ஏஜெண்ட் மூலம் கேட்கலாம், ஆனால் விற்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், கடைசி நாள் நாலு மணிக்குக் கேட்டால் யாரும் போட மாட்டார்கள்.

அடுத்து வேலை. இப்போது மாறாதீர்கள். குளோசிங்குக்கு, அதாவது கையெழுத்துப் போட்டு வாங்கி முடிக்கும் நாளுக்கு, முந்தைய 10 வேலை நாட்களுக்குள் உங்கள் வேலையை இன்னொரு தடவை சரிபார்ப்பார்கள், எச்ஆருக்கு போன் போடுவார்கள் அல்லது தி வொர்க் நம்பர் மாதிரி ஒரு தளத்தில் பார்ப்பார்கள். அன்றைக்கு நீங்கள் வேறு இடத்தில் இருந்தால் வருமானப் பகுதி முழுதும் திரும்பப் போட வேண்டும்: புது ஆஃபர் லெட்டர், முதல் சம்பளச் சீட்டு (பே ஸ்டப்), எச்1பி டிரான்ஸ்ஃபர் பேப்பர். முடியவே முடியாது என்றில்லை, ஆனால் உங்கள் டியூ டிலிஜென்ஸ் தேதி அதற்காகக் காத்திருக்காது. இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்றால் பதில் சொல்லச் சில வாரம் அவகாசம் கேளுங்கள். ஏற்கெனவே சம்மதம் சொல்லி, இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து லோன் ஆபீசரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். "குளோசிங் முடிந்து சொல்லிக்கலாம்டா" என்று ஆபீஸ் நண்பர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். குளோசிங் மேஜையில் லோன் விண்ணப்பத்தை மறுபடி வைத்து, இதில் உள்ளதெல்லாம் இன்றைக்கும் உண்மை என்று கையெழுத்து வாங்குவார்கள். அதில் தெரிந்தே பொய் சொல்வது கிரிமினல் குற்றம், விசாவில் இருக்கும் நாம் அந்த வம்புக்கே போகக் கூடாது.

கன்சல்டன்ஸி மூலம் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இன்னொன்று. உங்கள் எச்ஆரில் யாராவது போனை எடுப்பார்களா என்று இப்போதே பார்த்து வையுங்கள். சின்ன கம்பெனிகளில் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவர் ஊருக்குப் போயிருப்பார், அந்த ஒரு போனுக்காக குளோசிங் தள்ளிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? உங்கள் சம்பளம், கடன், கிரெடிட் ஸ்கோர் எல்லாவற்றையும் போட்டதும் லோன்களை வாங்கிக்கொள்ளும் பெரிய நிறுவனமான ஃபேனி மேயின் டெஸ்க்டாப் அண்டர்ரைட்டர் என்ற மென்பொருளோ, அதே மாதிரி ஃப்ரெடி மேக்கின் லோன் ப்ராடக்ட் அட்வைசரோ சில நிமிடங்களில் ஒரு முடிவைச் சொல்லிவிடும். அது விண்ணப்பத்தில் இருப்பதை நம்பிச் சொன்ன முடிவு. இருப்பது நிஜமா என்று காகிதத்தை வைத்துப் பார்ப்பதுதான் மனிதரின் வேலை. இத்தனை நோண்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: லோன் கொடுப்பவர்களில் பலர் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்வதில்லை, ஃபேனிக்கோ ஃப்ரெடிக்கோ விற்றுவிடுவார்கள், பின்னாளில் ஃபைலில் ஓட்டை இருந்தது தெரிந்தால் அந்த லோனைத் திரும்ப வாங்கிக்கொள் என்று இவர்கள் தலையில் கட்டுவார்கள். ஆகவே அண்டர்ரைட்டருக்கு உங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், நாளைக்கு இன்னொருவர் இந்த ஃபைலைத் திறந்து கேட்கப் போகும் கேள்விக்கு அவர் இன்றைக்கே பதில் சேர்த்து வைக்கிறார். அவரோடு நீங்கள் பேசவே மாட்டீர்கள். நடுவில் பேப்பர்களை வாங்கிச் சேர்க்கும் பிராசஸர் ஒருவர் இருப்பார், அவரோடு நல்லபடியாக இருங்கள், கேட்டதைக் கேட்ட அன்றே அனுப்புங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டால் கடைசிப் பக்கம் காலியாக இருந்தாலும் அதையும் சேர்த்து எல்லாப் பக்கமும் அனுப்ப வேண்டும். 5 பக்கத்தில் 4 வந்தால் அது வராத மாதிரிதான்.

இனி பணம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவார்கள். பொதுவாக இரண்டு மாத ஸ்டேட்மெண்ட் பார்ப்பார்கள். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையாக ஏதாவது வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும் என்பது ஃபேனி மே விதி, அதற்குக் குறைவாக இருந்தாலும் கண்ணில் பட்டால் கேட்பார்கள். என் ஃபைலில் பழைய ரூம்மேட்கள் ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்பிய வாடகைப் பங்கைக்கூடக் கேட்டார்கள். சீட்டுப் பணம், நண்பனிடம் கைமாற்று, கையில் இருந்த ரொக்கத்தைக் கொண்டுபோய்ப் போடுவது, இதெல்லாம் குளோசிங் முடியும் வரை வேண்டவே வேண்டாம். விளக்கக் கடிதம் கேட்டால் நாலு வரி போதும்: எந்தத் தேதி, எவ்வளவு, யாரிடமிருந்து, எதற்கு, இணைத்திருக்கும் ஆதாரம் எது. குடும்பக் கதையை எழுதினால் அதிலிருந்து இன்னும் மூன்று கேள்வி முளைக்கும்.

அப்பா அனுப்பும் பணத்துக்கு கிஃப்ட் லெட்டர் வேண்டும், திருப்பித் தரத் தேவையில்லை என்று அவர் கையெழுத்தோடு. பணம் இங்கே அமெரிக்க வங்கியில் டாலராக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஊரில் அக்கவுண்டில் இருக்கிறது என்று காட்டினால் போதாது. இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான லிபரலைஸ்ட் ரெமிட்டன்ஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அவர் அனுப்பலாம். ஆனால் 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வரி கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம், என்றாலும் இப்போதைக்கு அந்தக் காசு அப்பா கையில் இருந்துதான் போகும், அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் நீங்கள் இங்கே வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு படிவம் 3520 போட வேண்டும். வரி கிடையாது, ஆனால் தெரிவிக்காவிட்டால் அபராதம் பலமானது. நிலப் பத்திரத்தை அவர்கள் கேட்டால் தமிழில் இருப்பதை அப்படியே அனுப்பாதீர்கள், ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள்.

அப்புறம் பெயர். எனக்கு மண்டை காய்ந்தது இதில்தான். உதாரணத்துக்கு அப்பா எஸ். முருகேசன், மகன் பாஸ்போர்ட்டில் செந்தில் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோன் ஆபீஸில் இருக்கும் அம்மணிக்கு முருகேசன் என்பது குடும்பப் பெயர், அப்பாவுக்கு முதல் பெயர் எங்கே என்று தேடுகிறார். ஊர் வங்கியில் மகன் பெயர் எம். செந்தில், அதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்த கேள்வி. தந்தை பெயரைக் கடைசியில் போடும் வழக்கத்தை இரண்டு வரியில் எழுதி, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருக்கும் கடைசிப் பக்க நகலையும் சேர்த்து கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குளோசிங் அன்று இந்த எல்லாப் பெயரும் நான்தான் என்று இன்னொரு தாளில் கையெழுத்துக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

3.5 சதவீதம் மட்டும் முன்பணம் கட்டி, அரசு காப்பீடு உள்ள எஃப்எச்ஏ லோனில் நண்பர் வாங்கினாரே, எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 2025 மே 25 முதல் நம்மைப் போல கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்எச்ஏ கிடையாது, அவர் அதற்கு முன் வாங்கியிருப்பார். உங்களுடையது அந்த அரசு காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் லோன், எச்1பி-க்கு அது தாராளமாகக் கிடைக்கும். 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போடுவதால் பிஎம்ஐ என்ற கடன் காப்பீட்டுக் கட்டணம் வரும், கடன் வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், 78-ல் அவர்களே எடுத்தாக வேண்டும். மனைவி எச்4 என்ற துணைவர் விசாவில் இருப்பதால் லோனில் இல்லாவிட்டாலும் பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்க்கலாம், குளோசிங் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சோபா, டிவி, கார் எதுவும் இப்போது கடனில் வாங்காதீர்கள், வட்டியில்லாத தவணை என்றாலும் சரி. கடைசி வாரத்தில் கிரெடிட்டை இன்னொரு முறை எட்டிப் பார்ப்பார்கள். பழைய கார்டை மூடவும் வேண்டாம். வட்டி விகிதத்தைப் பிடித்து வைக்கும் ரேட் லாக் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நீட்டிப்புக் கட்டணத்தை அவர்களே ஏற்கச் சொல்லிக் கேட்கலாம், நான் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

கிரகப்பிரவேசம். அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். எல்லாம் சரி, குளோசிங் வைக்கலாம் என்ற இறுதி ஒப்புதலான கிளியர் டு குளோஸ் வந்த பிறகும், இறுதிக் கணக்கைக் காட்டும் குளோசிங் டிஸ்க்ளோஷர் உங்கள் கைக்கு வந்து 3 வேலை நாள் கழிந்துதான் கையெழுத்தே. இங்கே கையெழுத்துப் போட்டதும் சாவி கிடைக்காது, வக்கீல் கவுண்டி ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸில் பத்திரத்தைப் பதிவு செய்த பிறகுதான். நிறையப் பேர் வெள்ளிக்கிழமை குளோசிங் வைப்பார்கள், 10:30 முதல் 12 ராகு காலம் என்று நாம் அதற்குப் பிறகு கையெழுத்துப் போடப் போவோம், அன்று பதிவு முடியாவிட்டால் சாவி திங்கட்கிழமைதான். ஆகவே குளோசிங்கை வாரத்தின் நடுவில் காலையில் வையுங்கள், முகூர்த்தத்தை அதற்கு ஒரு வாரமாவது தள்ளி, ஆடி இல்லாமல் பாருங்கள், கேரி வெங்கடேஸ்வரா கோயிலில் அர்ச்சகரைக் கேட்பதையும் சாமான் வாங்குவதையும் கிளியர் டு குளோஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அபார்ட்மெண்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போனாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்.

கடைசியாக, மீதிப் பணத்தை வயர் பண்ணும் நேரத்தில் "அக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது" என்று வக்கீல் ஆபீஸ் பெயரில் ஒரு ஈமெயில் வரலாம். அசல் போலவே இருக்கும், உங்கள் வீட்டு முகவரி, தேதி எல்லாம் சரியாக இருக்கும். அந்த ஈமெயிலில் இருக்கும் நம்பருக்குப் பேசாதீர்கள், முதல் நாள் அவர்கள் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள். போன பணம் பெரும்பாலும் வராது.

இப்போது ஒப்பந்தத்தை எடுத்து டியூ டிலிஜென்ஸ் தேதி என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், இரண்டு வாரத்துக்குள் இருந்தால் நாளைக்குக் காலையிலேயே உங்கள் ஏஜெண்டிடம் பேச வேண்டும்.